காது கிழிந்த முசாங்

அத்தியாயம் 5

அந்த வருஷம் கெடா மாநிலத்தில் மழையைவிட அதிகமாகப் பெய்தது முசாங் கோஷ்டியின் பாட்டுதான். கூலிமில் பெய்தது, லூனாஸில் பெய்தது, சுங்கை பட்டாணி பஸ் நிலையத்தில் கூரையைப் பிய்த்துக்கொண்டு பெய்தது. ஒரு தோட்டத்தில் கோழிகள் டிஸ்கோ தாளத்தில் கொக்கரிக்க ஆரம்பித்து, முட்டையை இரண்டிரண்டாக இட்டன என்றார்கள். சொன்னவர் கோயில் தலைவர். அவர் பொய் சொல்ல மாட்டார், கூட்டித்தான் சொல்வார்.

அந்தக் கோஷ்டியில் மனிதப் பிறவி ஒன்றுகூடக் கிடையாது. பாடுவது ரோஜா நிறத்தில் ஒரு முசாங். மரநாயைத்தான் நம் பக்கத்தில் அப்படிச் சொல்வது. ஆமை கொட்டு அடிக்கும், உடும்பு கிதார் மீட்டும், இருவாய்ச்சிப் பறவை எக்காளம் ஊதும். நான்கும் கையால் வரைந்த சித்திரங்கள். பகலில் கேசட் அட்டையில் பல்லைக் காட்டும். பொழுது சாய்ந்தால் தோட்டத்துத் திடலில் கட்டிய வெள்ளைத் துணியில் படமாக ஓடி ஆடும். பாடும் குரல் யாருடையது என்று எவருக்கும் தெரியாது. தெரியாததால் கேசட் இன்னும் வேகமாக விற்றது.

கூலிம் கடைத்தெருவில், மெய்யப்பன் மளிகைக்கடை மாடியில், துப்பறியும் நிலையம் நடத்திய சண்முகவள்ளிக்கு இந்த மிருகங்களைக் கண்டாலே குமட்டும். அவளுக்குக் குமட்டாத விஷயங்கள் உலகத்தில் குறைவு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஊரில் உள்ள புருஷன்மார்களின் பொய்யெல்லாம் காது வழியாக இறங்கி வயிற்றைக் கெடுத்துவிட்டது என்பாள். பொய் வாடை அடித்தால் உப்பில் ஊறிய புளிப்பு அசாம் பழம் ஒன்றை டப்பாவிலிருந்து எடுத்து வாயில் அடக்கிக்கொள்வது அவள் வழக்கம்.

அன்று காலை அவள் முன்னால் உட்கார்ந்திருந்தவர் பெயர் எர்னஸ்ட். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து கால் ஒடியும் அளவுக்குத் தலையில் எண்ணெய்.

“அகத்தா என் கூடப் பொறந்த தங்கச்சி, மேடம். ரெண்டு வருஷமா ஆளக் காணோம். போன மாசம் பாசார்ல இந்தக் கேசட்டப் போட்டாங்க. அப்படியே நின்னுட்டேன். முசாங்கு வாயில வர்றது என் தங்கச்சி குரல். எவனோ அவள அடைச்சி வச்சிப் பாட வைக்கிறான்.”

“மனுசன்தான் கூண்டு வச்சி முசாங்கப் புடிப்பான்” என்றான் பக்கிரிசாமி. வள்ளியின் உதவியாளன், டாக்சி ஓட்டுநர், கேட்காமலே பேசுகிறவன். “இப்ப முசாங்கு ஆள் புடிக்குதா?”

“வாய மூடிக்கிட்டு கோப்பியக் குடு” என்றாள் வள்ளி.

பக்கிரி கோப்பியைக் கொடுத்தான். கோப்பையை எர்னஸ்டின் கையில் கொடுத்திருக்க வேண்டும்; கோப்பியை மட்டும் சட்டையோடு சேர்த்து மடியில் கொடுத்தான்.

“இயேசுவே” என்று எர்னஸ்ட் நாற்காலியோடு துள்ளினார்.

“மன்னிச்சிக்குங்க சார். சட்டை வெள்ளையா இருக்கவும் அதுக்கு ஆசை வந்துடிச்சி.”

எர்னஸ்ட் கோபப்படவில்லை. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் பாதி வரை ஏறி நின்றுவிட்டது. “லூனாஸ் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கோப்பிக்கடையில இருப்பேன், மேடம். எடம் தெரிஞ்சதும் கடை நம்பருக்கு ஒரு போன் போடுங்க. நான் வர்றேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. சந்தோஷத்துல மயங்கி விழுந்துடுவா.”

அவர் படி இறங்கிய பிறகுதான் வள்ளி கவனித்தாள், தன் வாயில் ஓர் அசாம் பழம் கிடக்கிறது. எப்போது போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பொய் எதுவும் கையில் அகப்படவில்லை. நாக்கு மட்டும் முந்திக்கொண்டிருந்தது.

“கேசட்டப் போடு” என்றாள்.

பாட்டு ஓடியது. பக்கிரியின் தோள் தானாக ஆடியது. வள்ளி முகத்தைச் சுளித்தாள். “தூ. ஒரு பொம்பள உசிரக் குடுத்துப் பாடறா, பேரு முசாங்குக்கு. இதுக்கு நாலு ஊரு கூடி விசில் வேற.”

“பாட்டு நல்லா இருக்குல்லக்கா?”

“அதான் இன்னும் குமட்டுது.”

இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிந்தது. நாடா மட்டும் உரசிக்கொண்டு ஓடிற்று. பக்கிரி நிறுத்தப் போனான். வள்ளி கையைத் தட்டிவிட்டாள். திடீரென்று பெட்டிக்குள் ஒரு தும்மல். தொடர்ந்து அதே பாட்டுக்காரியின் குரல், இப்போது ராகமில்லாமல்: “சேசு மரி சூசை.” பின்னால் குழந்தைகள் அழும் சத்தம். நாடா டக்கென்று முடிந்தது.

“அறுத்து எடுக்க மறந்துட்டானுங்க” என்றான் பக்கிரி.

“மறந்தது நமக்கு நல்லது. தும்மினா சேசு மரி சூசைன்னு வருது. பழைய கத்தோலிக்கக் குடும்பத்துப் பொண்ணு. சரி, எத்தன புள்ளைங்க அழுவுது?”

“அது ஒரு பட்டாளம் அழுவுதுக்கா. எல்லாம் ஒரே ஆத்தா பெத்ததா இருந்தா, அவளுக்குப் பாட எங்க நேரம்?”

“ஒரே ஆத்தா இல்ல. ஆயாக் கொட்டகை. ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போறவங்க புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம். அங்க ஆயா வேல பாக்குறா.”

“கெடாவுல இருக்கிற தோட்டத்தையெல்லாம் சுத்தினா என் டாக்சிக் காடி தவழ ஆரம்பிச்சிடும்லா.”

“அதனாலதான் தோட்டத்துக்குப் போகல. மிருகத்த வரையிறவன்கிட்ட போறோம்.”

முசாங்கை வரைகிறவன் அந்தோணிதாஸ் என்பது லூனாஸ் முழுக்கத் தெரியும். கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதுகிறவன். அவன் பட்டறைக்குப் பக்கத்தில் ஒட்டுப்பால் கிடங்கு. காய்ந்த ரப்பரின் அந்த நாற்றத்தை அறியாதவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லலாம்: செத்த எலி அதைக் கடந்துபோனால் மூக்கைப் பொத்திக்கொள்ளும். வள்ளி காரை விட்டு இறங்கும்போதே இரண்டு அசாம் பழங்களை அடக்கிக்கொண்டாள்.

பட்டறைக் கொடியில் துணி காயவில்லை, முசாங் காய்ந்துகொண்டிருந்தது. கண்ணாடித் தாளில் வரைந்த முசாங்குகள், கையைத் தூக்கியது, பாதி தூக்கியது, இறக்கியது என்று வரிசையாகத் தொங்கின.

“பாட்டு எங்கேருந்து வருதுன்னு கேக்க வந்திருந்தா, வந்த வழியே போயிடுங்கக்கா” என்றான் அந்தோணிதாஸ், தூரிகையை நிறுத்தாமல். “சுங்கை பட்டாணி தவுக்கே, பெரிய மொதலாளி, அவரே கேட்டாரு, சொல்லல. பத்திரிகைக்காரன் கேட்டான், சொல்லல. உங்கள யாரு அனுப்பினா?”

“அதச் சொல்றதில்ல. எங்க தொழிலு அப்படி.”

“அப்ப எனக்கும் அதே தொழிலுதான்.”

வள்ளி கொடியின் கீழே நடந்தாள். ஒரு தாளைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், கடைசி வரை போய்த் திரும்பி வந்தாள்.

“ஆமைக்கு ஓடு ஒழுங்கா இருக்கு. உடும்புக்கு வாலு ஒழுங்கா இருக்கு. முசாங்குக்கு மட்டும் ஏன் இடது காது நுனி ரெண்டாக் கிழிஞ்சிருக்கு? எல்லாத் தாள்லயும்.”

“கண்ணால பாக்குறததானே வரைய முடியும்” என்றான் அந்தோணிதாஸ். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“அக்கா” என்று பக்கிரி மூலையிலிருந்து கூப்பிட்டான். அங்கே பின்னணிப் படம் ஒன்று சாய்த்து வைத்திருந்தது: முசாங் ஆடும் மேடைக்குப் பின்னால் ரப்பர் மரங்கள், நீலக் கதவு, காலொடிந்த மாடுபோல ஒரு பக்கம் சாய்ந்த தண்ணீர்த் தொட்டி. “இந்தத் தொட்டி எனக்குச் சொந்தக்காரன் மாதிரிக்கா. சிடாம் கிரித் தோட்டம். கட்டினவன் நேரா நின்னாதான தொட்டி நேரா நிக்கும்? அது அடியில ரெண்டு தடவ டயரு மாத்தியிருக்கேன். எப்ப விழுமோன்னு சாமி கும்பிட்டுக்கிட்டே.”

அந்தோணிதாஸின் தூரிகை அப்போதுதான் நின்றது. ஆமையின் முகத்தில் பச்சைச் சாயம் ஒழுகியது.

“அக்கா, வேணாம்” என்றான். குரலில் முறைப்பு போய்விட்டிருந்தது. “அவள விட்டுடுங்க.”

அடைத்து வைத்திருப்பவன் கெஞ்சுகிற தொனி அல்ல அது. வள்ளிக்கு அது கேட்டது. ஆனால் கால் அதற்குள் காருக்குப் போய்விட்டது.

சிடாம் கிரி போய்ச் சேர மதியமாகிவிட்டது. சாய்ந்த தொட்டி, நீலக் கதவு, எல்லாம் படத்தில் இருந்தபடியே. கொட்டகைக்குள் கம்பிச் சுருளில் தொங்கிய சேலைத் தொட்டில்கள் ஏறி இறங்கின. பூட்டு இல்லை, காவல் இல்லை. நாற்பதை நெருங்கிய ஒருத்தி, மடியில் ஒரு பிள்ளையும் முதுகில் ஒரு பிள்ளையுமாக, மூன்றாவதுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் முனகிய மெட்டு கெடா முழுதும் முனகுகிற மெட்டு.

“அகத்தா” என்றாள் வள்ளி.

பால் கிண்ணம் விழுந்து உருண்டது. “சேசுவே” என்று அவள் எழுந்தாள், மூன்று பிள்ளைகளையும் ஒரே சமயத்தில் அள்ளிக்கொண்டு. இடது காதின் தொங்கல் இரண்டாகக் கிழிந்து, ஆறி, முறுகிக் கிடந்தது.

வள்ளி வாசலிலேயே நின்றுவிட்டாள். காது அல்ல அவளை நிறுத்தியது. அந்தச் சொல்.

“பக்கிரி, காலையில அந்த ஆளு மடியில கோப்பி ஊத்தின பாரு. என்னா சொல்லிக் கத்தினான்?”

“இயேசுவேன்னாரு. நான் பயந்துட்டேன், பாஸ்டர கூப்புடணுமோன்னு.”

“இவ தும்மினா சேசு. பயந்தா சேசு. அவன் சுட்டா இயேசு, அது சபைக்காரங்க வாய். கத்தோலிக்கு புத்தகத்துலகூட இப்ப இயேசுன்னு மாத்திட்டாங்க. புத்தகத்துல மாத்தலாம், தும்மல்ல மாத்த முடியாது. திடுக்குன்னு வர்ற வார்த்தை ஆத்தா மடியில கத்துக்கிட்டது. ஒரே ஆத்தா ஒரு புள்ளைக்கு சேசுன்னும் இன்னொன்னுக்கு இயேசுன்னுமா சொல்லிக் குடுத்தா?” வள்ளி அகத்தாவிடம் திரும்பினாள். “உனக்கு எர்னஸ்ட்டுன்னு அண்ணன் இருக்கானா?”

அகத்தா பிள்ளைகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். “நான் ஒரே புள்ளைங்கக்கா” என்றாள். “எர்னஸ்ட்டு என் புருஷன்.”

பக்கிரிசாமி யாரும் சொல்லாமலே போய் உருண்ட பால் கிண்ணத்தை எடுத்து வைத்தான். அவன் வாழ்க்கையில் அது முதல் தடவை என்று சத்தியம் செய்யலாம்.

வள்ளி அசாம் பழத்தைத் துப்பினாள். இதற்கு அது போதாது. அந்த எண்ணெய்த் தலைக்காக, அந்தப் பாதிச் சிரிப்புக்காக, காலையிலிருந்து தானே மோப்பம் பிடித்து வந்திருக்கிறாள். தன் கால்களைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“அவன் சபைக்கார வீடு, நான் மாதா கோயில் வீடு. கல்யாணம் கட்டி அவன் சபைக்குப் போனேன்” என்றாள் அகத்தா. “ஆராதனையில அவன்தான் முன்ன நின்னு ஜெபம் பண்ணுவான். கேக்குறவங்க அழுவாங்க. வீட்ல பெல்ட்டக் கழட்டினாதான் அவனுக்குப் பேச்சே வரும். பேர் சொல்லிக் கூப்புடுவான், அப்புறம் அடிப்பான். கல்யாண வீட்ல நான் பாடினத நாலு பேரு பாராட்டிட்டாங்க. அன்னிக்கி ராத்திரி போனது இந்தக் காது, தோட்டோட சேத்து. ஓடி வந்துட்டேன். நான் எவன் கூடயோ ஓடிப் போயிட்டதா ஊருல சொல்லி வச்சிருக்கான்.”

“ஓடி வந்தவ வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா?” என்றாள் வள்ளி. கோபம் அவள் மேல் இல்லை.

“இருந்து பாத்தேங்க. முடியல. புள்ளைங்களத் தூங்க வைக்கப் பாடினது வெளிய கேட்டுடிச்சி. அந்தோணிதாஸ் அண்ணன் கொட்டகைக்கு சாயம் அடிக்க வந்தவரு, அவருதான் சொன்னாரு: மொகத்த முசாங்குகிட்ட குடுத்துடு, குரல நீ வச்சிக்கன்னு.”

வள்ளி ஆடிய தொட்டில் ஒன்றைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு, “கண்டுபிடிக்க முடியலன்னு சொல்லி அவன அனுப்பிடவா?” என்றாள்.

“இன்னொரு ஆள வச்சித் தேடுவான். நான் வேற தோட்டத்துக்கு ஓடணும்.” அகத்தா மடியிலிருந்த பிள்ளையின் வாயைத் துடைத்தாள். “அலுத்துடிச்சிக்கா. கதவச் சாத்திட்டு அவன் பேசுறத நான் மட்டும் எத்தன நாளு கேட்டுக்கிட்டிருப்பேன்? ஒரு தடவ மத்தவங்களும் கேக்கட்டும்.”

வள்ளியின் கண் சுருங்கியது. “இன்னிக்கி கோஷ்டி எங்க ஆடுது?”

“செர்டாங் திடல்ல. நான் போறதில்ல. கேசட்டுதான் பாடும்.”

“படம் காட்டுற மெஷினு?”

“துணிக்குப் பின்னாடி. முன்னாடி வச்சா சனங்க தட்டிவிடுறாங்கன்னு அண்ணன் பின்னாலேருந்துதான் காட்டுவாரு. அறிவிப்பு சொல்ல ஒரு மைக்கும் அங்கயே இருக்கும்.”

“அது தெறந்தே இருக்கட்டும்” என்றாள் வள்ளி.

தோட்ட ஆபீஸ் டெலிபோனில் அவள் பழைய எக்ஸ்சேஞ்ச் குரலை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தக் குரலில் தேன் சொட்டும். சொட்டிய இடத்தில் எறும்பு மொய்க்கும். “சார், உங்க தங்கச்சி சாயங்காலம் செர்டாங் திடல்ல பாடுறாங்க. வெள்ளத் துணிக்குப் பின்னாடி. தனியாதான் நிப்பாங்க.”

“ஸ்தோத்திரம்” என்றது மறுமுனை. “கர்த்தர் உங்கள ஆசீர்வதிப்பாரு, மேடம்.”

அவள் டெலிபோனைக் கைக்குட்டையால் துடைத்தாள். பிறகு கைக்குட்டையைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

செர்டாங் திடலில் செம்பனைத் தோட்டத்து ஜனமும் டவுன் ஜனமும் கூடியது. அத்தனை பேரின் எடைக்கு அந்தப் பக்கம் பூமி சற்றுச் சாய்ந்திருக்கும். முன்வரிசையில், கச்சான் கடலைப் பொட்டலத்தோடு போலீஸ் சார்ஜன். பக்கத்தில் கருப்பாயி, ரப்பர் மரம் வெட்டி ஓய்ந்தவள், கோஷ்டி எங்கே ஆடினாலும் பாய் விரித்து முதல் ஆளாக உட்கார்கிறவள். துணியில் முசாங் ஆடிக்கொண்டிருந்தது. பட்டறையில் கெஞ்சிய அந்தோணிதாஸ் இப்போது மெஷினைத் தன்பாட்டில் ஓட விட்டுவிட்டு, வள்ளி சொன்னபடி மரத்தடிக்கு ஒதுங்கியிருந்தான். மைக்கைத் திறந்து வைத்துவிட்டு வந்த பக்கிரி வள்ளியின் காதில், “வெள்ளச் சட்ட வருதுக்கா. கோப்பிக் கறை இன்னும் போகல” என்றான்.

எர்னஸ்ட் கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்தார். வயதான ஒருவருக்கு வழிவிட்டார். பிறகு துணியின் ஓரமாக நழுவிப் பின்னால் போனார்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. முசாங்குக்கும் ஆமைக்கும் நடுவே கறுப்பாக ஏதோ முளைத்தது. மெஷின் வெளிச்சத்துக்கு முன்னால் போய் நின்றால் நிழல் எங்கே விழும் என்று அந்த ஆள் யோசிக்கவில்லை. நிழல் தென்னை மரம் உயரத்துக்கு வளர்ந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடியது. கூட்டம் சிரித்தது. கோஷ்டிக்குப் புதிதாக ஒரு மிருகம் வந்திருக்கிறது என்று கை தட்டியது.

ஒலிபெருக்கி பேசியது. “அகத்தா. புருஷன் வந்திருக்கேன். வெளிய வா.”

கைதட்டல் நின்றது. நிழலின் கை இடுப்புக்குப் போயிற்று. இடுப்பிலிருந்து நீளமாக ஒன்று உருவிக்கொண்டு வந்தது, புற்றிலிருந்து வருகிற மாதிரி.

“அண்ணன்னு சொல்லித் தேடினேன், சிரிச்சிக்கிட்டே காட்டிக் குடுத்துட்டா அந்தத் துப்பறியிறவ. பாட்டா கேக்குது ஒனக்கு? போனது ஒரு காதுதான்டி. இன்னொன்னு மிச்சம் இருக்குல்ல?”

பெல்ட் இறங்கியது. துணி முழுவதும் அதிர்ந்தது. அடி முசாங்கின் மேல்தான் விழுந்தது. முசாங் பாட்டை நிறுத்தவில்லை. மறுபடி விழுந்தது. முசாங் கையைத் தூக்கி, இடுப்பை ஒடித்து, கிழிந்த காதோடு பாடிக்கொண்டேயிருந்தது. கூட்டத்தில் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஒருத்தி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சார்ஜனுக்குத் தமிழ் அரைகுறைதான். பெல்ட்டுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கச்சான் பொட்டலத்தைக் கருப்பாயி மடியில் வைத்துவிட்டுப் பின்னால் போனார். துணியில் சொங்கோக் தொப்பி அணிந்த இரண்டாவது நிழல் எழுந்தது. அது முதல் நிழலைவிடக் குட்டை. ஆனால் கையை நீட்டி, எதற்கும் அவசரப்படாமல், முதல் நிழலின் காதைப் பிடித்துத் திருகியது. பெல்ட் கீழே விழுந்தது.

“தங்கச்சியத் தேடி வந்தேன், துவான்” என்று சார்ஜனிடம் குழைந்தது ஒலிபெருக்கி.

திடலே ஒரே தொண்டையாகக் காறித் துப்பியது. அன்று நனைந்த புல் ஒரு வாரம் காயவில்லை.

பாட்டு முடிந்தது. நாடா உரசிக்கொண்டு ஓடியது. அந்த அமைதியில் ஒலிபெருக்கி தும்மி, “சேசு மரி சூசை” என்றது.

கருப்பாயி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு வள்ளியின் பக்கம் திரும்பினாள். “ஏம்மா, ஆமை தெரியுது, உடும்பு தெரியுது. நடுவுல வந்திச்சே அந்த மிருகத்துக்கு என்னா பேரு?”

“புதுசா எதுக்கு ஆயா பேரு?” என்றாள் வள்ளி. டப்பாவைத் திறந்தாள், பழம் தீர்ந்துபோயிருந்தது. “நாமதான் அதுக்குப் புருஷன்னு பேரு வச்சி, மாலையும் போட்டு வீட்டுக்குள்ள விட்டிருக்கோமே.”